உம்சுனாய் நீட்டிய ரொட்டி

என் ஓரகத்தி உம்சுனாய் அக்காவுக்குப் பேச ஒரு மேடை கிடைத்தால் போதும், பசி தெரியாது. கம்யூனிஸ்ட் ஒன்றியம் இருந்த காலத்தில் இளங்கம்யூனிஸ்ட் சங்கத்தின் பிரசாரகராகக் குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பேசினாள். ஒன்றியம் உடைந்து, கூட்டுப்பண்ணை ஆடுகளை வீட்டுக்குச் சிலதாகப் பங்கு போட்டு, அந்தப் பங்கையும் நாங்கள் தின்று தீர்த்த பிறகு, ஜனநாயகத்துக்காகப் பேச ஆரம்பித்தாள். பேசிய இடம் எங்கள் கோக்-பெல் ஊரின் அதே பண்பாட்டு மன்றம்தான். மேசை மேல் விரித்த சிவப்பு வெல்வெட் துணிகூட மாறவில்லை. அதைச் சொல்லி நான் கேலி செய்தால், "துணி என்னடி பாவம் பண்ணுச்சு, யார் பேசுனாலும் அது கேட்டுக்கிட்டுதானே கெடக்குது?" என்பாள்.

வாய்த்துடுக்குக்காரி என்று ஊரில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவள் பட்ட பாட்டுக்கு வாய் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவள் புருஷன், அதாவது என் கணவரின் அண்ணன், பண்ணை டிராக்டர்களை விற்ற வருஷம் வோட்காவில் விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. இருந்தது எல்தியார் ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்தே அவனுக்கு நெஞ்சு பலவீனம். பனிக்காலம் வந்தால் அக்கா அவன் மார்பில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்து, கம்பளியில் சுருட்டி, தன் மடியிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒவ்வொரு பனியாகத் தாண்டித்தான் அவனை ஆளாக்கினாள்.

தலைநகரிலிருந்து கரோல் என்ற அமெரிக்கக்காரி வெள்ளை ஜீப்பில் வருவாள். நல்ல மனசு, ஒன்றும் தெரியாது. பெரிய தாள்களைப் பலகையில் மாட்டி, வண்ணப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஓட்டு என்றால் என்ன என்று சொல்லுவாள். மொழிபெயர்க்க ஒரு நகரத்துப் பெண் கூடவே வரும். எங்கள் பெண்கள் போனது பிஸ்கட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான். அக்காவுக்கு அது தெரியும். "வயிறு கேக்கட்டும், காதும் அதுகூடத்தானே வந்திருக்கு" என்று சொல்லி, கரோல் போன பிறகு அதையே எங்கள் பேச்சில், எங்கள் உதாரணங்களோடு மறுபடி சொல்லுவாள். அப்போதுதான் எல்லோருக்கும் புரியும். கரோலின் அமைப்பு அக்காவை ஊர்ப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. அதிலிருந்து ஊருக்கு அவள் டீச்சர்.

கரோல் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம்: தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டை உங்கள் மனசுப்படி போடுங்கள், பெட்டிக்குக் கண் கிடையாது. அன்றைக்கு எங்கள் பக்கத்து வீட்டு விதவை புருல் எழுந்து நின்றாள்.

"பெட்டிக்குக் கண்ணு இல்லதான், ரொட்டிக்கு இருக்கே" என்றாள்.

கரோலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ரொட்டிக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் முழித்தாள். அவள் ஊரில் ரொட்டி வெறும் தீனி போலிருக்கிறது. எங்கள் பக்கம் தேர்தல் வந்தால் முதலில் மாவு மூட்டை வரும், அதன் பின்னாலேயே ஒரு வட்ட ரொட்டி வரும். வேட்பாளரின் ஆள் அதைத் துணியில் ஏந்தி வாசலில் நிற்பான். வீட்டிலுள்ளவர்கள் அதன் மேல் வலது கையை வைத்து, இன்னாருக்குத்தான் போடுவேன், தவறினால் இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். குடிகாரன்கூட அந்த வார்த்தையை மீறமாட்டான். எங்கள் வட்டாரத்தில் இப்படி ரொட்டி அனுப்பிக்கொண்டிருந்தவன் தெமிர்கான். முன்பு பண்ணைத் தலைவன், அப்போது ஜனங்களை ஆண்டான். பண்ணை போனதும் மாவு ஆலையும் பெட்ரோல் பங்க்கும் அவன் பெயருக்கு எப்படியோ வந்து சேர்ந்தன, இப்போதும் ஆண்டான்.

அக்கா விடவில்லை. இமாமின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, நாளெல்லாம் அவரைக் குடைந்து, கடைசியில் அவர் வாயாலேயே மன்றத்தில் சொல்ல வைத்தாள். வாசலில் வந்து நின்று பயமுறுத்தி வாங்கும் சத்தியம் சத்தியமில்லை, மீறினால் பாவம் கை வைத்தவரைச் சேராது, ரொட்டியை நீட்டியவரைத்தான் சேரும். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். தலையை ஆட்டினார்கள். அடுத்த தேர்தலில் ரொட்டியின் மேல் கை வைத்துவிட்டுப் போய்த் தெமிர்கானின் ஆளுக்கே போட்டார்கள். அக்கா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "கல்லுல தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தக் கல் எப்போது நனைந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்தது பாராளுமன்றத் தேர்தல். தெமிர்கானே நின்றான். அவனை எதிர்த்து நின்ற பள்ளிக்கூட வாத்தியாரின் பெயரை ஏதோ காரணம் சொல்லிப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். இளவட்டங்கள் பனியில் போய்ச் சாலையை மறித்தார்கள். எல்தியாரும் போனான். போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வாத்தியாரின் பெயர் பட்டியலில் தங்கியது, எல்தியார் சிறைக்குப் போனான். காவலரைக் கொல்ல முயன்றதாக வழக்கு. ஓர் ஆட்டைக்கூட அறுக்கத் தெரியாத பிள்ளை அவன்.

விசாரணைச் சிறையில் ஒரு அறைக்குள் படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறார்கள், பாதிப் பேருக்குக் காசநோய். அக்கா பார்த்துவிட்டு வந்த அன்று முகத்தில் ரத்தமே இல்லை.

"இருமுறான்டி பெரூஸா" என்றாள். "நான் கேட்டா, சளிதாம்மாங்கிறான். அந்த இருமல் எனக்குத் தெரியாதா? அவன் நெஞ்சுல வர்ற ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். வசந்தம் வரைக்கும் அங்க இருந்தான்னா பொணமாத்தான் வருவான்."

எங்கெங்கோ போனாள். வக்கீல் கையை விரித்தார். கரோலிடம் போனாள். கரோல் கட்டிப்பிடித்து அழுதாள், தூதரகத்துக்கு எழுதினாள், அவர்கள் யாருக்கோ எழுதினார்கள். ஆழ்ந்த கவலை கொள்வதாகப் பதில் வந்தது. கவலை ஆழமாகத்தான் இருந்தது, சிறைக் கதவு வரைக்கும் எட்டவில்லை.

பிறகு ஒரு காலையில் ஊர்த்தலைவர் ஷர்ஷென் வந்தார். அடுப்படியில் நானும் இருந்தேன். என்னை வெளியே போகச் சொன்னார், நான் போகவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"டீச்சர், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. இந்தத் தடவ பொம்பளைங்க மொறைக்கிறாங்க. ரொட்டி கொண்டு போன பையனப் பாத்து, இமாமக் கூட்டிட்டு வாடாங்கிறாங்க. எல்லாம் ஒன் வேலை. நீ போட்ட முடிச்சு, நீயே அவுத்து விடு."

"நான் என்ன பண்ணணும்?"

"ரொட்டிய நீ கொண்டு போ. வீடு வீடா. நீ நீட்டுனா கை வைப்பாங்க. கோக்-பெல்லு மொத்தமும் தெமிர்கானுக்கு விழுந்தா, மறுவாரமே ஒம் மவன் வீட்டுல இருப்பான். தெமிர்கானே சொல்லச் சொன்னாரு."

அக்கா அடுப்புக்குள் ஒரு வறட்டியைத் தள்ளினாள்.

"ஒண்ணு மட்டும்," என்றார் ஷர்ஷென், எழுந்துகொண்டே. "பையன் விஷயம் வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நீதிபதி பயந்துக்குவாரு. அப்புறம் ஆண்டவனாலயும் முடியாது."

அவர் போனதும் நான் குதித்தேன். "அந்த நாய் வார்த்தைய நம்புறியா அக்கா?"

"நம்பல."

"பின்ன?"

"நம்பாம இருந்து பாத்துட்டேனே. அதுல அவன் இருமல் நிக்கலையே."

"சரி, போ. ஆனா பெண்டுககிட்ட உள்ளத சொல்லிரு. புருல்கிட்டயாவது சொல்லு. புள்ளைக்காகன்னு தெரிஞ்சா உசிரக் குடுப்பாளுங்க."

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா தெரியும். புருல் வாயி ஒனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? ஒரு மூட்டை மாவுக்கு ஓட்ட விக்கிறீங்களேன்னு மன்றத்துல நின்னு எத்தனை பேரு மானத்த வாங்கியிருக்கேன். இப்ப எம் புள்ளைக்காக எல்லாரு ஓட்டையும் விக்கப் போறேன்னா சொல்லுவேன்?"

மறுநாள் அவளே மாவு பிசைந்தாள். சாணி வறட்டித் தணலில் ரொட்டி சுட்டாள். வெள்ளைத் துணியில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு புறப்பட்டாள். பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. வழுக்கினால் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

முதல் வீடு புருலுடையது. கதவைத் திறந்தவள் அக்காவைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், திரும்ப அக்காவைப் பார்த்தாள்.

"டீச்சர்... நீங்களா?"

"கை வை புருல். தெமிர்கானுக்குப் போடுறேன்னு சொல்லு."

"டீச்சர், நீங்கதானே சொன்னீங்க..."

"சொன்னேன். இப்ப இதையும் நான்தான் சொல்றேன். கை வை."

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டு கையிலும் ரொட்டி, துடைக்க முடியவில்லை. புருல் தன் முந்தானை போன்ற தலைத்துணியின் நுனியால் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு ரொட்டியின் மேல் கை வைத்து, வார்த்தையைச் சொன்னாள். அடுத்த வீட்டிலும் அப்படியே, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. எல்லாப் பெண்களும் கை வைத்தார்கள். ஒருத்திகூட எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கை வைத்தார்கள் என்பதை நான் கவனித்தேன், காரியம் முடிந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். ஊர்க் கடைசி வீட்டை முடித்துத் திரும்பும்போது ரொட்டி கல்லாக உறைந்திருந்தது.

ஓட்டுப்போட்ட அன்று பள்ளிக்கூடத்தில் பாட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் குடும்பத்தோடு போய்த் தெமிர்கானுக்குப் போட்டோம். அக்கா சீட்டை மடித்துப் பெட்டிக்குள் தள்ளினபோது அவள் உதடு அசைந்தது. துவா கேட்டாளோ, தன்னையே திட்டிக்கொண்டாளோ, நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்தியாரின் மெத்தையை வெளியே எடுத்துப் போட்டு உதறினாள். போர்வையைத் துவைத்து அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப் போட்டாள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் மதியம் முற்றத்தில் கலகலவென்று சத்தம் கேட்டது. புருல் முன்னால் வந்தாள், பின்னால் ஒரு கூட்டமே வந்தது. தட்டுகளில் சூடான பூர்சோக்குகள். நல்ல காரியத்துக்குத்தான் நாங்கள் எண்ணெயில் மாவுத் துண்டு பொரிப்போம். எல்தியாரை விட்டுவிட்டார்கள் என்ற சேதிதான் எப்படியோ இவர்களுக்கு முதலில் வந்துவிட்டது என்று நினைத்து நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"டீச்சர்! பள்ளிக்கூடக் கதவுல முடிவ ஒட்டிட்டாங்க! அந்தத் தெமிர்கானுக்கு நம்மூர்ல வெரல் விட்டு எண்ணிரலாம்! எல்லாம் வாத்தியாருக்குத்தான்!" என்று புருல் கத்தினாள். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பண்ணிட்டோம்!"

அக்கா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"நீங்க அழுதப்பவே எங்களுக்கு வெளங்கிருச்சு டீச்சர்," என்றாள் இன்னொருத்தி. "புள்ளைய உள்ள வச்சுக்கிட்டு ஒங்கள மெரட்டுறாங்க, வாயால சொல்ல முடியல, கண்ணால சொல்றீங்கன்னு. ஒங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?"

"ஒண்ணே ஒண்ணுதான் பயமா இருந்துச்சு," என்றாள் புருல். "பாவம் ரொட்டிய நீட்டுனவங்களுக்குன்னு இமாம் சொன்னாரே, டீச்சருக்குல்ல வந்துரும்னு. அவருகிட்டயே ஓடிப்போய்க் கேட்டோம். இல்ல, அனுப்புனவனுக்குத்தான்னுட்டாரு. அப்புறம்தான் நிம்மதியாப் போட்டோம்."

அட முட்டாள் பெண்டுகளே! அது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் காதில் ஏறாதது இன்றைக்கா ஏற வேண்டும்? அவளுக்காகத் தெமிர்கானையே எதிர்க்கத் துணிந்தவர்கள், அவள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற மாதிரிப் பிடித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து தேநீர் போட்டாள், உப்பும் பாலும் சேர்த்து. முதல் கிண்ணத்தைப் புருலுக்கு ஊற்றினாள். விளிம்பு வரைக்கும், வழிகிற மாதிரி ஊற்றினாள். விருந்தாளிக்கு ஒரு வாய்தான் ஊற்றுவோம், தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்போம். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். புருல் கிண்ணத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அடுத்தவளுக்கும் நிரம்ப விழுந்தது. பேச்சு நின்றது. ஒவ்வொருத்தியாகத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள்.

வாசலில் புருல் திரும்பினாள். "நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டமா டீச்சர்?"

"இல்லம்மா. நல்லாப் பண்ணுனீங்க," என்றாள் அக்கா.

அவர்கள் போனதும் நான் வெடித்தேன். ஏன் சொல்லவில்லை, ஏன் என் வாயைக் கட்டினாய் என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? அத்தனை பேரும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவாங்க. நான்தான் ஒக்காந்து தேத்தணும். அதுக்கு எங்கிட்டத் தெம்பு இல்ல பெரூஸா," என்றாள். பிறகு கொடியில் காய்ந்த போர்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்த அழுகையை நான் எழுத மாட்டேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தெமிர்கான் ஜெயித்துவிட்டான். மற்ற ஊர்களின் ஓட்டே அவனுக்குப் போதுமாக இருந்தது. எங்கள் ஊர் எதிர்த்துப் போட்டதால் ஒரு மயிரும் அசையவில்லை, எல்தியாரின் வழக்கு மட்டும் அசைந்தது. ஷர்ஷென் தெருவில் நின்றே கத்தினார். "அழுது நடிச்சு எங்களையே ஏமாத்திட்டா! இப்ப அனுபவிக்கட்டும்!" ஏழு வருஷம், கடுங்காவல். நீதிபதி தீர்ப்பைப் படிக்கையில் தலையை நிமிர்த்தவே இல்லை.

பனி உருகிய பிறகு கரோல் வந்தாள். ரொட்டிச் சத்தியத்தை மீறி ஓட்டுப் போட்ட ஊர் என்று எங்கள் பெயர் தலைநகர் வரைக்கும் போயிருந்தது. மன்றத்தில் அக்காவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாள். இவ்வளவு வருஷம் முடியாதது இந்த முறை எப்படி முடிந்தது, மற்ற ஊர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அக்கா அந்தச் சிவப்புத் துணி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அழுதேன். வேற ஒண்ணும் பண்ணல," என்றாள்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கரோலின் கண்ணும் கலங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா அதற்குப் பிறகு மன்றத்துக்குப் போகவில்லை.

கோடையில் சிறையில் போய்ப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. நானும் கூடப் போனேன். இரட்டைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் எல்தியார் வந்து நின்றான். கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. கன்னம் மட்டும் சிவந்திருந்தது, அந்தச் சிவப்பு நல்லதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவனோ சிரித்துக்கொண்டு வந்தான்.

"சித்தி, வாங்க! அம்மா, நெசமா? புதுசா வந்த ஒருத்தன் சொன்னான். நம்மூர்ல தெமிர்கான மண்ணக் கவ்வ வச்சிட்டாங்களாமே! ரொட்டி மேல கை வச்சிட்டே!"

"ஆமாண்டா," என்றாள் அக்கா.

"இங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், எங்கம்மா சொல்லிக் குடுத்த ஊருடான்னு." சிரிப்பு இருமலாக மாறியது. துணியை வாயில் பொத்திக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபோது துணியைச் சட்டென்று மடித்துப் பைக்குள் வைத்தான், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. "இதுக்குத்தானேம்மா ரோட்டுல போய் நின்னோம். நான் உள்ள வந்தது வீணாப் போகல. அது போதும் எனக்கு."

அக்கா வலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலர் நேரம் ஆகிவிட்டது என்றார்.

அவன் இரண்டு எட்டு வைத்துவிட்டு, ஏதோ விளையாட்டுக்குப் போலத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "நீயும் வாத்தியாருக்குத்தானேம்மா போட்ட?"

பிறந்த நாளிலிருந்து அவனிடம் அவள் ஒரு பொய் சொன்னதில்லை.

"பின்ன? வேற யாருக்குடா போடுவேன்?" என்றாள்.